பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் சூரியனை இடைவிடாமல் பார்ப்பது எப்படி?

ஒவ்வொரு சுற்றிலும் அது பூமியின் நிழலுக்குள் போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பாதையில் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது அது.

மதுரையில் சித்திரை வீதிகள் நிழலில் மூழ்கிய பிறகும் தெற்குக் கோபுரத்தின் உச்சிச் சுதைச் சிற்பங்களில் மாலை வெயில் சற்று நேரம் தங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2006-இல் ஜப்பான் ஏவிய ஹினோடே என்ற சூரிய ஆய்வுச் செயற்கைக்கோள், சுமார் 680 கிலோமீட்டர் உயரத்தில், பகலும் இரவும் சந்திக்கும் கோட்டை ஒட்டியே துருவங்கள் வழியாகச் சுற்றுவதால், அந்தக் கோபுர உச்சியைப் போலவே, கீழே அந்தியானாலும் வெயிலில் நிற்கிறது. பூமியின் நடுப்பகுதி புடைத்திருப்பதால் ஏற்படும் ஈர்ப்பு வேறுபாடு அந்தப் பாதையை நாளுக்கு ஏறத்தாழ ஒரு பாகை திருப்பி, ஆண்டு முழுவதும் சூரியனை நோக்கியபடியே வைக்கிறது. எரிபொருள் செலவின்றி இயற்கையே இதைச் செய்து தருவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் சுற்றுதோறும் சிறிது நேரம் நிழல் குறுக்கிடும்.



நம் பக்கத்துக் கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துவந்தாலும், எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிடுவதால், அவற்றைக் காண மேலே சென்றே ஆகவேண்டும்.