ஆசிரியரா, தரகரா?

அன்புள்ள ஐயா,

நான் புதுச்சேரிக்காரி. சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.பிளான் (நகரத் திட்டமிடல் பட்டப்படிப்பு) மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த ஆண்டு முதல் எங்கள் துறையில் 'கோ-ஆப்' முறை வருகிறது. ஒரு செமஸ்டர் வகுப்பு, அடுத்த செமஸ்டர் வெளியே வேலை. இடம் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில். போன கோடையில் பயிற்சிக்குப் போன பிள்ளைகளைக் கேட்டால், பாதிப் பேர் வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருளில் யாரோ போட்ட கோட்டின் மேல் கோடு போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பதைத் தவிர நிர்வாகம் எதையும் கேட்பதில்லை. நான் ஆசிரியரா, தரகரா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. இன்னொன்று: கடலூர் மாணவி ஒருத்தி. சென்னையில் ஒரு பெரிய கன்சல்டன்சி உதவித்தொகையோடு கூப்பிடுகிறது. அவளுக்கோ சொந்த ஊரில் நகரமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்க ஆசை. அங்கே பணம் கிடையாது. அவளுக்கு என்ன சொல்லட்டும்?

ஒரு விரிவுரையாளர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

இடம் பிடித்துக் கொடுப்பது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. நாலு அலுவலகத்துக்கு போன் போட்டுப் பிள்ளைகளுக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும்தானே? அதோடு நின்றுவிட்டால்தான் வம்பு.

இந்த முறையை 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர் ஹெர்மன் ஷ்னைடர். பொறியியல் மாணவர்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்தார். ஒருவன் பட்டறையில் இருக்கும் வாரம் மற்றவன் வகுப்பில். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். நடுவில் ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் ஆசிரியர். அவர் பட்டறைக்கே போய் பையன் என்ன செய்கிறான் என்று பார்ப்பார், அப்புறம் வகுப்பில் அதையே எடுத்துவைத்துப் பேசுவார். உங்கள் நாற்காலி அவருடையது. கனடாவில் 1957-இல் தொடங்கிய வாட்டர்லூ பல்கலைக்கழகம் இந்த முறையைப் பெரிதாக வளர்த்தது. திட்டமிடல் மாணவர்களும் அங்கே வகுப்பும் சம்பள வேலையுமாக மாறி மாறித்தான் படிக்கிறார்கள். நம் ஊரில் 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த, நகராட்சிகளில் பயிற்சி தரும் டியூலிப் திட்டம் பட்டம் முடித்தவர்களுக்கானது. அது வேறு கணக்கு. உங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டு வகுப்புக்குத் திரும்பி வரப்போகிறார்கள். வந்தவர்களை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் நகரமைப்புப் பணியில் இருந்தபோது கடலூர் அருகே ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வரைபடம் வந்தது. பயிற்சிக்கு வந்திருந்த பெண்ணையும் கள ஆய்வுக்குக் கூட்டிப்போனோம். கையில் இருந்த புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) வயலுக்கு நடுவே இரட்டைக் கோடாக ஒரு வாய்க்கால். நிலத்தில் பார்த்தால் அது இல்லை. கிராவல் அடித்து, ரோலர் ஓட்டி, இரண்டு பக்கமும் கலர் கொடி நட்டிருந்தார்கள். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "மழ வந்தா இங்க இடுப்பளவு தண்ணிம்மா. கல்லு நட்டுட்டா தண்ணி வராம போயிடுமா?" என்றார். அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டது ஒரே வரி: "வாய்க்கால் எங்கே?"

அந்த ஒரு வரியை வைத்து ஒரு மாதம் பாடம் எடுக்கலாம். வாய்க்கால் வருவாய்க் கணக்கில் புறம்போக்கா, பட்டா நிலத்துக்குள் போகிறதா? தூர் வார வேண்டியது ஊராட்சியா, நீர்வளத் துறையா? தமிழ்நாட்டு விதிப்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதத்தைப் பொதுவாகத் திறந்தவெளியாக விட வேண்டும். விற்காத பள்ளமாகப் பார்த்து அந்தப் பத்து சதவீதத்தை ஒதுக்கினால் யாருக்கு லாபம்? தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் சேரும் ஊரில் 2015-இலும் 2024-இலும் வெள்ளம் எந்த வழியாக உள்ளே வந்தது? 'வடிகால்' என்ற பாடத்தை மனப்பாடம் செய்தவனுக்கு மார்க் வரும், இந்தக் கேள்விகள் வராது.

உங்கள் பக்கத்திலேயே இன்னொரு வகுப்பறை இருக்கிறது. கடலூரில் பாண்டி பஸ் ஏறினால், புதுச்சேரி எல்லையான முள்ளோடையில் சட்டம் மாறிவிடுகிறது. (முள்ளோடை நம் ஆட்களிடம் பிரசித்தமானது வேறு காரணத்துக்காக. அதை விடுங்கள்.) இந்தப் பக்கம் 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், அந்தப் பக்கம் 1969-ஆம் ஆண்டுப் புதுச்சேரிச் சட்டம். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மாணவரை அனுப்பி, திரும்பி வந்ததும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிடுங்கள். நீங்கள் அதிகம் வாயைத் திறக்க வேண்டியிருக்காது.

கோட்டின் மேல் கோடு போடுவதையும் அடியோடு வெறுக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் எங்கேயும் அப்படித்தான். ஆறாவது வாரமும் அதே கதை என்றால், நீங்கள் நேரில் போய் நிற்க வேண்டும். போனில் கேட்டால் "நல்லா பண்றாங்க மேடம்" என்பதோடு சரி. பயோடேட்டா விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மாஸ்டர் பிளான் (ஊரின் முழுமைத் திட்டம்) முழுவதையும் தானே போட்ட மாதிரி எழுதிக்கொண்டு வருவார்கள். எந்த வார்டுக்கு நில உபயோகக் கணக்கெடுப்பு செய்தாய், எத்தனை தெரு நடந்தாய் என்று கேட்டு அதை எழுத வையுங்கள். நேர்முகத்தில் மூன்றாவது கேள்வியிலேயே மற்றதெல்லாம் உதிர்ந்துவிடும்.

இனி பணம். சம்பளம் இல்லாமல் ஒரு செமஸ்டர் முழுக்க வேலை வாங்குவதற்குக் கோ-ஆப் என்று பெயர் வைப்பது அநியாயம். வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் அப்படிக் கற்றுக்கொள்ள முடியும். அந்த செமஸ்டருக்கும் உங்கள் கல்லூரி முழுக் கட்டணம் வாங்குகிறதா? வாங்கினால், அரசு அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்கு அதிலிருந்து ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள். கேளுங்கள்.

அது நடந்தால், உங்கள் மாணவி கடலூருக்கே போகட்டும் என்பது என் கட்சி. கடலூர் 2021-இல் மாநகராட்சியானது. நகரமாகிக்கொண்டே இருக்கும் ஊரில், ஒரு கோப்பு எந்த மேசையில் நிற்கிறது, யார் வந்து கேட்டால் நகர்கிறது என்று கிட்டத்திலிருந்து பார்க்கலாம். சென்னை கன்சல்டன்சியில் அறிக்கை எழுதக் கற்றுக்கொள்வாள். அதுவும் தேவைதான், அடுத்த முறை போகட்டும். வீட்டில் பணக்கஷ்டம் என்றால் மட்டும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அனுப்புவதற்கு முன் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்: வாரத்தில் இரண்டு நாளாவது கள ஆய்வு, யாருக்குக் கீழே வேலை, எந்தப் பணி. இல்லாவிட்டால் போன முதல் நாளே தபால் பிரிவில் உட்காரவைத்துவிடுவார்கள்.

அன்புடன்.