எட்டுப் பேருக்கு எட்டு விதமான சைக்கிள் வேண்டாம்

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரில் தொடங்கி, பாமிர் நெடுஞ்சாலை வழியாக தஜிகிஸ்தானின் துஷான்பே வரை போய், பிறகு உஸ்பெகிஸ்தானில் புகாராவையும் கிசில்கும் பாலைவனத்தையும் கடந்து கீவாவில் முடிக்கப் போகிறோம். எல்லோருமே புது சைக்கிள் வாங்க வேண்டும். எதை வாங்குவது? விலை கூடினால் நம்பி வாங்கலாமா?

பதில்: கடைக்குப் போவதற்கு முன் எட்டுப் பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள். தனியாகப் போகிறவர் தனக்குப் பிடித்ததை வாங்கலாம். குழுவில் ஒருவருடைய உதிரிப்பாகம்தான் இன்னொருவருக்கு உயிர்நாடி. நான் போன ஒரு பயணத்தில் ஐந்து சைக்கிள்களுக்கு ஒரு சக்கர அளவு, ஆறாவதுக்கு மட்டும் வேறு அளவு. கிழிந்தது அந்த ஆறாவது சைக்கிளின் டயர்தான். எங்களிடம் மூன்று மாற்று டயர்கள் இருந்தும் ஒன்றுகூடச் சேரவில்லை. லாரி பிடித்துத் திரும்பிப் போனதில் இரண்டு நாள் போயிற்று.

ஆகவே முதலில் சக்கர அளவை முடிவு செய்யுங்கள். டயரின் பக்கவாட்டில் '50-622' என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700சி என்றால் 622, 650பி என்றால் 584, பழைய 26 அங்குலம் என்றால் 559. கடைக்காரர் சொல்லும் பெயரை விட்டுவிட்டு இந்த இரண்டாவது எண் எட்டு சைக்கிளிலும் ஒன்றா என்று பாருங்கள். 559 அல்லது 622 எதுவானாலும் சரி, கலக்காதீர்கள். பாமிரில் நீண்ட தூரத்துக்குத் தார் பெயர்ந்து, சரளையும் வரிவரியான மேடுபள்ளமுமாகத்தான் சாலை இருக்கும். 45 மி.மீ.க்குக் குறைந்த டயரை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வால்வும் எல்லாவற்றிலும் ஒரே வகையாக இருக்கட்டும், ஒரு பம்ப் எல்லோருக்கும் உதவும்.

அடுத்தது கியர். விலை உயர்ந்த சைக்கிள்கள் பெரும்பாலும் ஏமாற்றுவது இங்கேதான், ஏனென்றால் அவை வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. முன்பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் மிகப் பெரியதில் 28 பல் என்றால், ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 2.7 மீட்டர் நகரும். முன்னால் 26, பின்னால் 36 என்றால் 1.6 மீட்டர்தான். பாமிர் நெடுஞ்சாலையில் நீங்கள் கடக்கும் அக்-பைதால் கணவாய் 4,655 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் பிராணவாயு குறைந்து, வண்டியில் 20 கிலோ சுமையும் இருக்கும்போது இந்த ஒரு மீட்டர் வித்தியாசம்தான் ஏறுகிறவரையும் இறங்கித் தள்ளுகிறவரையும் பிரிக்கும். வாங்கும்போது பல்லை எண்ணிப் பார்த்தே வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

பிரேக்கில், கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக் போதும். எண்ணெயில் இயங்குவது பிடிப்பில் மேலானதுதான். ஆனால் சிலவற்றுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் (DOT) என்ற வேறு வகைப் பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் பாகங்கள் கெட்டுப்போகும். வழியில் கசிந்தால் சரிசெய்வது கடினம். கம்பி அறுந்தால் பத்து நிமிட வேலை.

செயினும் எல்லோருக்கும் ஒரே வேகக்கணக்கில் (பின்னால் எத்தனை பல்சக்கரம் என்ற எண்ணிக்கை), 9 என்றால் 9ஆகவே, இருக்கட்டும். செயினை இணைக்கும் கொக்கிகூட அதற்குத் தக்கபடி மாறும். பின்கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு உலோகத் துண்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு. வண்டி ஒரு முறை சாய்ந்து விழுந்தாலே வளையலாம். வாங்கும் அன்றே இரண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். எட்டுப் பேரும் ஒரே மாடல் வாங்கினால் ஹேங்கர், ஸ்போக் எல்லாமே பொதுவாகிவிடும். பேரம் பேசவும் பலம் கூடும்.

டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாத டயர் போட ஆசைப்பட்டால், ஓட்டையை அடைக்க அதில் ஊற்றும் பசைத் திரவம் பாலைவன வெயிலில் சீக்கிரம் உலர்ந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். திரவமும் சாதாரண டியூப்களும் சேர்த்தே எடுத்துப் போக வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் கிசில்குமில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மலையை ஆகஸ்டில் முடித்துவிட்டுச் செப்டம்பர் கடைசியில் பாலைவனத்துக்கு வரும்படி புறப்படுங்கள்.

கேள்வி: 'மைனஸ் 15' என்று பெரிதாக அச்சிட்ட ஸ்லீப்பிங் பேக் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பாமிருக்குப் போதுமா?

பதில்: அந்த எண் எது என்று முதலில் கேளுங்கள். ஐஎஸ்ஓ 23537 தரப்படி சோதித்த பைகளில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என மூன்று வெப்பநிலைகள் இருக்கும். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்புவதற்கான கணக்கு, உறங்குவதற்கானது அல்ல. கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். 4,000 மீட்டருக்கு மேல் கோடை இரவிலும் தண்ணீர் உறையக்கூடும். கம்ஃபர்ட் எண்ணே இல்லாத பை என்றால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கேள்வி: இதே வழியில் துணை வண்டியோடு அழைத்துப் போகும் நிறுவனம் ஒன்று முன்பணம் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டுவதற்கு முன் ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் உயரத்தை எழுத்தில் வாங்குங்கள். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. உங்கள் வழியில் வரும் சாரி-தாஷ் ஊர் சுமார் 3,170 மீட்டர், கராகுல் ஏரிக்கரை சுமார் 3,960. அடுத்தடுத்த இரவுகளில் இந்த இரண்டு இடமும் வந்தால் அந்தத் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மாட்டோம் என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

காப்பீட்டை நிறுவனமே எடுத்துத் தருவதாகச் சொன்னாலும் பாலிசியை முழுதாகப் படியுங்கள். பலவற்றில் ஓர் உயர வரம்பு இருக்கும், அதற்கு மேல் நடப்பது எதற்கும் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 4,655 மீட்டர் அடங்குகிறதா, மீட்பு ஹெலிகாப்டர் செலவு சேருமா, சைக்கிள் ஓட்டுவது 'சாகச விளையாட்டு' என்று விலக்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்றுக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லை மூடினாலோ மண்சரிவு வந்தாலோ எவ்வளவு பணம் திரும்பும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒருவர் நோயால் நடுவில் திரும்பினால் அவரையும் அவர் சைக்கிளையும் ஓஷுக்கோ துஷான்பேக்கோ கொண்டு சேர்ப்பது யார் செலவு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.