வாசகர் கேள்வி: தூணுக்கு மேல நிக்கிறது யாரு?

கொட்டகலை வாசகர்: லண்டன்ல வேலை செய்யிற மச்சான் ட்ரஃபல்கர் ஸ்கொயர்ல நின்னு போட்டோ அனுப்பியிருந்தாரு. பெரிய தூண், உச்சியில ஒரு ஆளு, கீழ நாலு சிங்கம். ஆளோட முகமே தெரியலயே, யாருங்க அது?

பதில்: நெல்சன். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி. 1805 ஒக்டோபர் 21ஆம் திகதி ஸ்பெயின் கரையில ட்ரஃபல்கர் முனைகிட்ட பிரான்ஸ், ஸ்பெயின் ரெண்டு நாட்டுக் கப்பலையும் சேத்து அடிச்சு ஜெயிச்சு, அந்தச் சண்டையிலேயே குண்டு பட்டு செத்தவரு. முகம் எப்படிங்க தெரியும், சிலை மட்டுமே அஞ்சரை மீட்டர் இருந்தாலும் அது நிக்கிற உயரம் அப்படி, மொத்தமா 51.6 மீட்டர், அதையும் ரொம்ப காலமா 56னு நெனச்சிட்டு இருந்தாங்க, 2006ல துப்புரவு வேலை நடந்தப்பத்தான் சரியா அளந்தாங்களாம்.

தூண் எழும்பினது 1840க்கும் 1843க்கும் நடுவுல. நம்ம பூட்டன்மாரு தமிழ்நாட்டுலருந்து இலங்கை கோப்பித் தோட்ட வேலைக்குன்னு வந்து மன்னார் கரையில எறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்த காலமும் அதேதான், வழியில காய்ச்சல்லயும் பேதியிலயும் விழுந்தவங்களுக்கு கணக்கும் இல்ல, கல்லும் இல்ல. சிங்கம் நாலும் வந்தது இன்னும் லேட்டு, 1867, கண்டிப் பக்கம் லூல்கந்துரைத் தோட்டத்துல ஜேம்ஸ் டெய்லர்ங்கிற தொரை தேயிலை போட்ட அதே வருஷம்!

மச்சான்கிட்ட சொல்லுங்க, அடுத்த தடவை போனா அண்ணாந்து பாத்து கழுத்து வலிய வாங்கிக்காம அடியில பாக்கட்டும். நாலு பக்கமும் வெண்கலத்துல நாலு சண்டைக் காட்சி இருக்கு. தெக்குப் பக்கத்துல நெல்சன் சாகுற காட்சி, அதுல துப்பாக்கி புடிச்ச ஒரு கறுப்பின மாலுமியும் இருக்காரு. தூண்லயே எனக்குப் புடிச்ச எடம் அதுதான். உச்சியில இருக்கிறவரு ஒத்த ஆளா கப்பல் ஓட்டலங்கிறத அந்தத் தகடுதான் சொல்லுது.

பண்டாரவளை வாசகி: நெல்சனுக்கு ஒரு கண்ணு இல்லன்னு படிச்சேன், சிலையில கண்ணுக்கட்டு இல்லயே?

பதில்: 1794ல கோர்சிகா தீவுச் சண்டையில வலது கண்ணு பார்வைதான் போச்சு தங்கச்சி, கண்ணு அப்படியே இருந்திச்சு, கட்டெல்லாம் பின்னாடி வந்த கற்பனை. ஆனா 1797ல ஸ்பெயின்காரங்களோட டெனரிஃப் தீவுச் சண்டையில வலது கை போனது நெஜம், சிலையிலயும் அந்தப் பக்கம் வெறும் சட்டைக் கைதான்.

மஸ்கெலியா வாசகர்: இந்த மாதிரி வெள்ளைக்காரன் சிலைய எல்லாம் புடுங்கிப் போட்டா என்ன?

பதில்: புடுங்கியும் இருக்காங்க தம்பி. அயர்லாந்துல டப்ளின்ல நின்ன நெல்சன் தூண 1966ல குண்டு வச்சு தகர்த்தாங்க. கரீபியன் தீவு பார்படோஸ்ல 1813லயே, லண்டனுக்கு முன்னாடியே வச்ச சிலை, அடிமை முறை காலத்த ஞாபகப்படுத்துதுன்னு ரொம்ப வருஷம் சண்ட போட்டு 2020 நவம்பர்ல அரசாங்கமே கழட்டி எடுத்திச்சு. எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது, அந்த ஊர்க்காரங்க பேசி முடிவு பண்ணது. நம்ம பக்கத்துல தொரைமாரு பேருல இருக்கிற கல்ல புடுங்குறதுக்கு முன்னாடி, மன்னார்லருந்து நடந்து வந்தவங்களுக்கு அந்த ரோட்டோரம் ஒரு கல்லு வைக்கச் சொல்லி கேப்போம், அதுக்கு உங்க தோட்டத்துப் பொடியன்மாரு எத்தன பேரு கையெழுத்துப் போடுவீங்கன்னு எழுதி அனுப்புங்க.