டார்ச்சை முகத்தில் அடிக்கலாமா?

கேள்வி: தம்பியை மனநல வார்டில் சேர்த்து நாலு நாள் ஆகிறது. பெல்ட், சார்ஜர், பிளேடு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ராத்திரியில் அடிக்கடி டார்ச்சோடு வந்து பார்க்கிறார்களாம். "ஜெயில் மாதிரி இருக்குக்கா" என்கிறான். இது சரிதானா?
— வாசகி, தென்காசி

பதில்: வாங்கி வைப்பது சரிதான். எப்படி வாங்கினார்கள் என்பதே கேள்வி. அவர் கண்ணெதிரே ஒவ்வொன்றாகச் சொல்லி, எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு வார்த்தையும் சொல்லாமல் பையைப் பிடுங்கினால், 'எல்லோரும் எனக்கு எதிரி' என்று ஏற்கெனவே நினைப்பவருக்கு அதுவே சாட்சியாகிவிடும்.

தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு ராத்திரி ரவுண்ட்ஸ் கட்டாயம். ஆனால் டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது. தரையில் அடித்தாலே, நெஞ்சு ஏறி இறங்குவது தெரியும். தெரியவில்லை என்றால் கிட்டே போக வேண்டும். "ராத்திரி வந்து பார்ப்போம், பயப்படாதீங்க" என்று சாயங்காலமே சொல்லிவிடுவதை நிறைய வார்டுகளில் மறந்துவிடுகிறார்கள். நீங்களே நர்ஸிடம் கேட்டு, தம்பியிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: அவன் கத்தினால் கட்டிப்போட்டுவிடுவார்களோ என்று அம்மா அழுகிறார்.

பதில்: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அவருக்கோ மற்றவருக்கோ உடனடி ஆபத்து, வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மனநல மருத்துவர் அனுமதியோடு கட்டலாம். காரணமும் நேரமும் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்கு (சட்டப்படி நோயாளியின் சார்பில் நிற்பவருக்கு) தகவல் போக வேண்டும். தண்டனையாகவோ, 'ஆள் பத்தல' என்றோ கட்டக் கூடாது. சங்கிலியும் தனியறைப் பூட்டும் அறவே கூடாது.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் நர்ஸின் நிஜமான வேலை. டிவியை அணைத்து, மற்ற நோயாளிகளை நகர்த்திவிட்டு, ஒரே ஒருவர் மட்டும் பேச வேண்டும். மூன்று பேர் சேர்ந்து சமாதானம் சொன்னால் சண்டைதான் வரும். இரண்டு கை தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில், கை வெளியே தெரிய நிற்க வேண்டும். வாசலை மறிக்கக் கூடாது. வழி அடைபட்டவர்தான் பாய்வார். "தண்ணி வேணுமா? வெளிய போய் உக்காரலாமா?" என்று சின்னச் சின்னதாகக் கேட்டால், தீர்மானிப்பது அவர் கையில் இருக்கும்.

ஆவேசத்தை அடக்கும் ஹாலோபெரிடால் ஊசி போட்டிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கழுத்து ஒருபக்கம் திருகலாம், கண் மேலே செருகலாம், தாடை இறுகலாம். இளவயது ஆண்களுக்கு இது அதிகம். 'நடிக்கிறான்' என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மாற்று ஊசி போட்டால் பெரும்பாலும் சீக்கிரமே சரியாகிவிடும்.