வரவேற்பு மேசையிலிருந்து பரிசோதனை அறைக்கு: கண் பராமரிப்பு டெக்னீஷியன் சான்றிதழ் பெறுவது எப்படி?

கேள்வி: பள்ளிப் படிப்பு முடித்து, ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்புப் பணியில் இருக்கிறேன். உள்ளே டெக்னீஷியன்கள் பார்வை பரிசோதிப்பதையும் கண்ணழுத்தம் பார்ப்பதையும் பார்க்கும்போது எனக்கும் அந்த வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. கல்லூரிப் பட்டம் இல்லாமல் சான்றிதழ் வாங்க முடியுமா? வரவேற்பில் வேலை பார்த்த காலம் கணக்கில் வருமா? கணக்குப் பாடம் எனக்குக் கொஞ்சம் தகராறு, அதுவும் ஒரு பயம்.

பதில்: பட்டம் கட்டாயமில்லை, சான்றிதழ் வாங்கலாம். ஆனால் புத்தகம் வாங்குவதற்கு முன்னால், பரிசோதனை அறைக்குள் உங்களை விடுவார்களா என்று பாருங்கள். இந்தச் சான்றிதழுக்கு அடித்தளமே கை பழகுவதுதான்.

இந்தத் துறையில் பெரிதும் மதிக்கப்படுவது, அமெரிக்காவிலிருந்து இயங்கும் ஐஜேசிஏஎச்பிஓ (IJCAHPO) அமைப்பின் சான்றிதழ். கண் மருத்துவருக்குத் துணையாக வேலை பார்ப்பவர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பு அது. 1969இல் தொடங்கிய அமைப்பு இது. இதில் மூன்று படிகள்: கண் மருத்துவ உதவியாளருக்கு சி.ஓ.ஏ. (COA), அதற்கு மேல் டெக்னீஷியனுக்கு சி.ஓ.டி. (COT), உச்சத்தில் சி.ஓ.எம்.டி. (COMT). வேலை விளம்பரங்களில் எல்லோரையுமே ‘டெக்னீஷியன்’ என்றுதான் எழுதுவார்கள், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்களைப் போல் புதிதாக வருபவருக்கு முதல் படி சி.ஓ.ஏ. இன்னொன்று, சான்றிதழ் வேறு, அரசு உரிமம் வேறு. நீங்கள் வேலை பார்க்கும் நாட்டில் தனியாகப் பதிவோ உரிமமோ கேட்கிறார்களா என்பதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

சி.ஓ.ஏ.வுக்குப் போக முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படிப்பது. மற்றது, கண் மருத்துவரின் மேற்பார்வையில் வேலை பார்த்துக்கொண்டே, அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி நடத்துவது போன்ற சுயகற்றல் பாடத்தை முடிப்பது. ஏற்கெனவே மருத்துவமனைக்குள் இருக்கிற உங்களுக்கு இரண்டாவதுதான் தோது. எத்தனை மணி நேர அனுபவம் வேண்டும் என்பதற்கு, நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேட்டை மட்டும் நம்புங்கள். நண்பர் சொன்ன பழைய கணக்கு உதவாது.

வரவேற்பில் இருந்த காலம்? அதை அனுபவக் கணக்கில் காட்டலாம் என்று எண்ணாதீர்கள். நோயாளியிடம் விவரம் கேட்பது, பார்வையை அளப்பது, சொட்டு மருந்து விடுவது போன்ற மருத்துவப் பணிதான் கணக்கு. ஆகவே மேலாளரிடம் ‘நான் தேர்வு எழுதப் போகிறேன்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், ‘வாரத்தில் சில மணி நேரமாவது என்னை உள்ளே போடுங்கள், டாக்டர் மேற்பார்வை பார்க்கட்டும்’ என்று கேளுங்கள். மறுத்தால், வாய்ப்புத் தரும் வேறு மருத்துவமனையைத் தேடுவதே மேல். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் போகலாம் என்பது என் கருத்து.

உள்ளே போனதும் வேலையின் வரிசையைக் கவனியுங்கள். பார்வையை முதலில் அளக்க வேண்டும். பளிச்சென்ற வெளிச்சமோ சொட்டு மருந்தோ அதற்கு முன்னால் வந்தால் அளவு கெட்டுவிடும். கண் பாப்பா (கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரியா என்பதை, அதை விரிக்கும் மருந்து விடுவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். மருந்து விட்ட பிறகு அந்தத் தகவல் போனது போனதுதான். பார்வை குறைவாக இருந்தால் ஒரு மறைப்பில் இருக்கும் ஊசித்துளை வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் தெளிவு கூடினால் பெரும்பாலும் கண்ணாடியில் சரியாகிற குறை. கூடாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம் என்று மருத்துவர் தேடுவார். கண்ணழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். ஆனால் கருவிழி (கண்ணின் முன்பக்கம் மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் படலம், கார்னியா) தடிமனாக இருந்தால் கருவி கூட்டிக் காட்டும், மெலிந்திருந்தால் குறைத்துக் காட்டும். இப்படி ஒவ்வொன்றிலும் ‘ஏன்’ என்று கேட்டுப் பழகினால் தேர்வுக்குப் பாதி தயார்.

அவசரம் எது என்று பிரிக்கத் தெரிவதும் பாடத்தில் உண்டு. வரவேற்பில் இருந்த உங்களுக்கு இது கைவந்த கலையாக இருக்கலாம். கண்ணில் ரசாயனம் பட்டு ஒருவர் வந்தால் பெயர் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, முதலில் கண்ணைக் கழுவ வேண்டும். திடீரென்று மின்னல் போல் ஒளி, பூச்சி பறப்பது போன்ற புள்ளிகள், திரை விழுந்த மாதிரி மறைப்பு என்று சொன்னால் விழித்திரை விலகியிருக்கலாம். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பக் கூடாது.

சரி, கணக்கு. பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை, கூட்டல், கழித்தல், பெருக்கல்தான். ஆனால் பலரும் ஒளியியலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கண்ணாடிச் சீட்டு: ஸ்பியர் (லென்ஸின் அடிப்படைப் பவர்) +2.00, சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கூடுதலாகச் சேரும் பவர்) −1.00, ஆக்சிஸ் (அந்தச் சிலிண்டரை வைக்கும் கோணம்) 90. இதைப் பிளஸ் சிலிண்டர் முறைக்கு, அதாவது சிலிண்டரைப் பிளஸ் குறியில் எழுதும் முறைக்கு, மாற்றச் சொல்வார்கள். ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டுங்கள், +1.00 வரும். சிலிண்டரின் குறியை மாற்றுங்கள், +1.00. ஆக்சிஸை 90 டிகிரி திருப்புங்கள், 180. அவ்வளவுதான். லென்ஸின் மையம் தள்ளிப்போனால் எவ்வளவு பிரிசம் (ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பும் விளைவு) உண்டாகும் என்ற கணக்கும் இதே ரகம்: லென்ஸின் பவரை, மையம் விலகிய தூரத்தால் பெருக்க வேண்டும், தூரம் சென்டிமீட்டரில். 4 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) லென்ஸ் 5 மில்லிமீட்டர் தள்ளினால் 2 பிரிசம். மருத்துவமனையில் நோயாளிகளின் பழைய கண்ணாடிகளை, லென்ஸின் பவரை அளக்கும் கருவியான லென்சோமீட்டரில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஆக்சிஸ் என்றால் என்ன என்று பத்துப் பக்கம் படித்துப் புரியாதது அங்கே புரிந்துவிடும்.

தேர்வு கணினியில், 200 கேள்விகள், 3 மணி நேரம், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான், அதனால் நேரம் வைத்துப் பழகுங்கள். அடுத்த படியான சி.ஓ.டி.யில் எழுத்துத் தேர்வோடு, கணினித் திரையில் கருவிகளை இயக்கிக் காட்டும் செய்முறைத் தேர்வும் உண்டு.

அப்புறம், சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லாது. 36 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். கலந்துகொள்ளும் வகுப்புகளின் சான்றுகளை முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். கடைசி மாதத்தில் தேடினால் கிடைக்காது.