கேளுங்க சொல்றேன்: நாவல் எழுதினதும் நீங்க, காசு கட்டுறதும் நீங்களா?

கேள்வி: எங்க ஊர் தக்காளி மண்டிய வச்சு ஒரு நாவல் எழுதி வச்சிருக்கேன் அண்ணா. முதல் பத்து பக்கத்த மட்டும் ஒரு பதிப்பகத்துக்கு மெயில்ல அனுப்பினேன். மறுநாளே போன், "எங்க எடிட்டோரியல் டீம் முழுசா படிச்சு அசந்துட்டாங்க மேடம், செலக்ட் ஆயிடுச்சு"ன்னு. பேக்கேஜ் 49,999 ரூபாயாம், இன்னிக்கு ராத்திரி 12 மணிக்குள்ள கட்டினா 34,999 தானாம். ஐஎஸ்பிஎன் (புத்தகத்தோட அடையாள நம்பர்), காப்பிரைட், அமேசான், லைப்ரரி ஆர்டர் எல்லாம் அதுலயே அடக்கமாம். நகைய அடகு வைக்கலாமான்னு வீட்டுல பேசிகினு இருக்கோம். வாட்ஸ்அப்ல வந்ததையும் அனுப்பியிருக்கேன், பாத்து சொல்லுங்க.
(வாசகி, பாலக்கோடு)

பதில்: மொதல்ல நகைய பீரோவுல வச்சு பூட்டுங்கம்மா. பத்து பக்கம் அனுப்பினதுக்கு "முழுசா படிச்சோம்"னாங்க பாருங்க, அங்கயே சாயம் வெளுத்துப்போச்சு. ஸ்கிரீன்ஷாட்டும் பாத்தேன். மேல "டியர் சார்"னு இருக்கு, கீழ "உங்கள் கவிதை தொகுப்பு எங்கள் மணதை உறுக்கியது"ன்னு இருக்கு, நீங்க சாரும் இல்ல அனுப்பினது கவிதையும் இல்ல, மனசுக்கு எந்த ன, உருக்குறதுக்கு எந்த ர-ன்னு தெரியாத ஆளு தான் நாளைக்கு உங்க நாவலுக்கு ப்ரூஃப் பாக்கப் போறாரு.

நம்ம பக்கம் மாந்தோப்ப குத்தகைக்கு விடுறோம்ல, வியாபாரி வந்து பூ பாத்து பிஞ்சு பாத்து அட்வான்ஸ யாரு கையில குடுப்பான்? தோப்புக்காரன் கையில தான. "உன் தோப்பு பெங்களூரா மாங்காய் பிரமாதம், நான் செலக்ட் பண்ணிட்டேன், 35 ஆயிரத்த எடு, பறிச்சிகினு போறேன்"னு ஒருத்தன் வந்து நின்னா காரிமங்கலத்துல எந்த விவசாயி அவன உக்கார வச்சு டீ குடுப்பான்? புத்தகம்னு சொன்னா மட்டும் நாம ஏன் நகைக்கடன் வரைக்கும் போயிடறோம்னு தான் எனக்கு புரியல. புரியலன்னு சொல்றது பொய், நானும் போனவன் தான், அத அப்புறம் சொல்றேன்.

அந்த பேக்கேஜ பிரிச்சு பாப்போம். ஐஎஸ்பிஎன் நம்பர இந்தியாவுல காசு வாங்காமதான் குடுக்குறாங்க, டெல்லியில இருக்குற ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஏஜென்சி வேலை அது, எழுத்தாளரே ஆன்லைன்ல அப்ளை பண்ணலாம். காப்பிரைட் நீங்க எழுதி முடிச்ச நிமிஷமே உங்களுது, 1957 சட்டம் அப்படித்தான் சொல்லுது, உங்க காலம் முழுக்க, அதுக்கு அப்புறமும் 60 வருஷம். ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும்னு கட்டாயமே இல்ல, பண்ணணும்னா இலக்கியப் படைப்புக்கு ஃபீஸ் 500 ரூபா. அமேசானோட கிண்டில்ல இ-புக் ஏத்துறதுக்கு பைசா கிடையாது. லைப்ரரி ஆர்டர் தான் பெரிய தூண்டில். வாங்குறதா வேணாமான்னு முடிவு பண்றது அரசாங்கத்தோட பொது நூலகத் துறை, அத ஒரு பதிப்பகத்துக்காரர் போன்லயே உறுதி குடுக்குறாருன்னா அவரு என்ன நூலகத் துறை இயக்குநரா?

கணக்கும் போட்டுருங்க. நாவல் 160 பக்கம்னு வைங்க, விலை 200. தமிழ்ல பொதுவா ராயல்டி, அதாவது விலையில எழுத்தாளருக்கு வர்ற பங்கு, 10 சதவீதம், ஒரு காப்பிக்கு 20 ரூபா. 35 ஆயிரத்த திரும்ப எடுக்க 1,750 காப்பி விக்கணும். அவங்க எத்தன அடிக்கிறாங்கன்னு கேளுங்க, 50னு சொல்வாங்க, மீதி "பிரிண்ட் ஆன் டிமாண்ட்"டாம். அதாவது யாராவது கேட்டா அடிப்பாங்க. யாரு கேப்பா?

எனக்கு நடந்தது இதோட தம்பி தான். கவிதைத் தொகுப்பு, 300 காப்பி, முழுப் பணமும் முன்னாடியே கட்டியாச்சு, பேரு எதுக்கு விடுங்க. லாரி ஆபீஸ்லேர்ந்து கட்டு கட்டா வந்து எறங்குச்சு, முதல் கட்ட பிரிச்சு ஒரு புக்க விரிச்சா முதுகுல பசை விட்டு நடுப்பக்கம் தனியா கையோட வருது. அட்டையில என் இனிஷியலே தப்பு. கடைசில தங்கச்சி கல்யாணத்துல தாம்பூலப் பையில தேங்காயோட போட்டு குடுத்தோம், தேங்காய எல்லாரும் எடுத்துக்கினாங்க, மண்டபத்து நாற்காலி மேல நூத்துக்கு மேல புக்கு கெடந்துச்சு. எங்கம்மா தான் பொறுக்கிகினு வந்தாங்க.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, தர்மபுரி புத்தகத் திருவிழாவோ ஓசூர் புத்தகத் திருவிழாவோ போடும்போது ஸ்டால் ஸ்டாலா நின்னு உங்க மாதிரி நாவல் போடுற பதிப்பகம் எதுன்னு பாருங்க, புக்க கையில வாங்கி விரிச்சு பாருங்க, அங்க எழுதுறவங்க யாரயாவது புடிச்சு ராயல்டி வருதான்னு கூச்சப்படாம கேளுங்க. நல்ல பதிப்பகம் பதில் சொல்ல மாசக்கணக்கா ஆகும், வேணாம்னும் சொல்லும். மறுநாளே போன் பண்ணாது.

கேள்வி: ஒரு கவிதைக்கு 499 ரூபா கட்டினா தொகுப்பு நூல்ல போட்டு சர்டிபிகேட், மெடல் எல்லாம் தர்றாங்களாம், "சாதனை எழுத்தாளர்"னு பட்டமும் உண்டாம். காலேஜ்ல நாங்க பத்து பேர் சேரப்போறோம்.
(மாணவர், கிருஷ்ணகிரி)

பதில்: நூறு பேரு கட்டினா 49,900 தம்பி, அந்த புக்க வாங்கப்போறதும் அதே நூறு பேரு தான். பத்து பேரும் ஆளுக்கு 499 போட்டா கிட்டத்தட்ட 5 ஆயிரம் வருது, உங்க கவிதைய நீங்களே டைப் பண்ணி பக்கத்துல இருக்குற பிரஸ்லயே சின்னதா ஒரு கையேடு அடிச்சிரலாம். மெடல் தான் கெடைக்காது.

கேள்வி: நான் ரிட்டையர் ஆன வாத்தியார். போன வருஷமே 40 ஆயிரம் கட்டிட்டேன், புத்தகமும் வரல, பணமும் வரல. கேட்டா "உரிமை எங்ககிட்ட இருக்கு, வேற எங்கயும் குடுக்கக் கூடாது"ன்னு மெரட்டுறாங்க.
(வாசகர், அரூர்)

பதில்: ஐயா, பயப்படாதீங்க. உரிமைய எழுதிக் குடுத்து நீங்க கையெழுத்து போட்டாத்தான் அது செல்லும், வாட்ஸ்அப்ல "ஓகே"ன்னு போட்டதெல்லாம் கணக்குல வராது. கையெழுத்து போட்டிருந்தாலும் எத்தன வருஷம்னு குறிப்பிடலன்னா அஞ்சு வருஷம் தான். அதுலயும் பத்திரத்துல வேற மாதிரி எழுதலன்னா, ஒரு வருஷம் அவங்க அத பயன்படுத்தாம வச்சிருந்தாலே உரிமை காலாவதி. அதனால அந்த பத்திரத்த எடுத்து ஒரு வக்கீல் கிட்ட காட்டுங்க. பணத்துக்கு 1915ங்கிற போன் நம்பர்ல தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, அதுக்கும் மசியலன்னா தர்மபுரியிலயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, ஆனா பிரச்சினை வந்த ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாகணும், உங்களுக்கு ஏற்கனவே ஒரு வருஷம் ஓடிப்போச்சு. பணம் அனுப்பின ரசீது, மெசேஜ், எதையும் அழிச்சிராதீங்க. பேரன் கிட்ட போனக் குடுக்குறதுக்கு முன்னாடி எல்லாத்தயும் ஜெராக்ஸ் எடுத்து வைங்க.