நித்திய கல்யாணிக் கஷாயம் சர்க்கரைக்கு உதவுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளை எடுத்துக்கொள்கிறார். அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு, மூன்று வாரங்களாக வாசலில் இருக்கும் நித்திய கல்யாணியின் இலையையும் பூவையும் கொதிக்கவைத்து வெறும் வயிற்றில் குடித்துவருகிறார். "புற்றுநோய்க்கே மருந்தாகிற செடி, சர்க்கரைக்கு ஆகாதா?" என்கிறார். தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம், நாளைக் காலையிலிருந்தே நிறுத்தச் சொல்லுங்கள். மாத்திரைகளை மட்டும் ஒரு வேளையும் விட வேண்டாம். உங்கள் தந்தையின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சுடுகாட்டு மல்லி, பட்டிப்பூ என்றெல்லாம் நாம் அழைக்கும் இந்தச் செடி நம் மண்ணுக்குரியது அன்று. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவே அதன் பிறப்பிடம். அங்கிருந்து அழகுச்செடியாக வெப்பமண்டல நாடுகளுக்குப் பரவி, பல ஊர்களில் சர்க்கரை நோய்க்கான கைமருந்தாகவும் பெயர் வாங்கிக்கொண்டது. ஜமைக்காவும் அவற்றில் ஒன்று. 1952-இல் அங்கிருந்து ஓர் உறையில் கனடாவுக்கு வந்துசேர்ந்த 25 இலைகளை ஆய்வாளர் ராபர்ட் நோபிள் கையில் எடுத்தது சர்க்கரைக்கு மருந்து தேடித்தான். சாற்றை வாய்வழியாகக் கொடுத்தபோது எலிகளின் இரத்தச் சர்க்கரையில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. ஊசியாக ஏற்றியபோதோ, வெள்ளணுக்கள் சரிந்து, இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, எலிகள் நோய்த்தொற்றில் மடிந்தன. வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகுகிற இரத்தப் புற்றுநோய்க்கு இதே விளைவைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1958-இல் நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் அந்த இலையிலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் வின்பிளாஸ்டின். அதன் நெருங்கிய உறவான வின்கிறிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் அது இன்றியமையாதது. ஆக, உங்கள் தந்தை சொல்லும் அந்தப் பெருமை இச்செடிக்கு வந்ததே அதன் நச்சுத்தன்மையால்தான்.

செல் இரண்டாகப் பிரியும்போது மரபுப் பொருளைச் சுமக்கும் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச்செல்லும் நுண்குழாய்கள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. இவ்விரு மருந்துகளும் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு குழாய் உருவாகாமல் தடுப்பதால், பிரியத் தொடங்கிய செல் பாதியிலேயே நின்று மடிகிறது. புற்றுச்செல்லுக்கு நேர்வது, வேகமாகப் பிரியும் எலும்பு மஜ்ஜைக்கும் நேரும். அதனால்தான் இவை நரம்பூசியாக மட்டுமே, இரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துக்கொண்டே கொடுக்கப்படுகின்றன. வின்கிறிஸ்டினைப் பெரியவர்களுக்கு ஒரு முறைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை. அந்த அளவிலேயே விரல் மரத்துப்போவதும் கடும் மலச்சிக்கலும் வருவதுண்டு.

"பத்து இலையில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது?" என்று அவர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். இலையில் அது அவ்வளவு அரிது. இலையின் அமைப்பிலேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வின்டோலின், கேத்தரந்தின் என்ற இரு பொருள்கள் இணைந்தால்தான் வின்பிளாஸ்டின் உருவாகும். முன்னது இலையின் உட்செல்களிலும் பின்னது இலையின் மேற்பரப்பு மெழுகிலும் தனித்தனியே கிடக்கின்றன. ஆகவே கஷாயம் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. ஆனால், அதனாலேயே அது தீங்கற்றது என்றும் ஆகிவிடாது. இச்செடியில் ஆல்கலாய்டுகள் எனப்படும், சிறிதளவிலேயே உடலைப் பாதிக்கக்கூடிய தாவர வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன. வேரிலுள்ள அஜ்மலிசின் இரத்த நாளங்களைத் தளர்த்தக்கூடியது. இலையின் வயது, மண், கொதிக்கவைக்கும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொரு டம்ளரிலும் இவற்றின் அளவு மாறும். இச்செடியை உட்கொண்ட ஒருவருக்கு எலும்பு மஜ்ஜை கடுமையாக ஒடுங்கியதைத் தைவான் மருத்துவர்கள் 2004-இல் பதிவு செய்திருக்கிறார்கள். (ஆடுகூட இதில் வாய் வைப்பதில்லை, வேலியோரத்தில் இது தழைத்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.)

இலைச்சாறு முயல்களில் சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் இருப்பது உண்மை. அது மனிதரிலும் ஓரளவு நிகழ்ந்தால், ஏற்கெனவே சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடோடு சேர்ந்து, வெறும் வயிற்றில், அளவுக்கு மீறி இறங்கிவிடும் அபாயம் உண்டு. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பமான பேச்சு ஆகியவை தோன்றினால் உடனே சர்க்கரை கரைத்த நீரைக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இந்த வாரத்திலேயே இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ஆகிய பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், ஈறில் இரத்தக்கசிவு, விரல் மரத்துப்போதல் இருந்தால் வாரம் பொறுக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்று பலர் கைமருந்தை மறைத்துவிடுகிறார்கள். உங்கள் தந்தை எத்தனை இலை, எத்தனை பூ போட்டார், வேரும் சேர்த்தாரா, எத்தனை நாள் குடித்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.